கையில் கை அடித்து

அன்புச் சகோதரிகளே,

2021இல் பங்களாதேஷ் நமது நாட்டுக்கு 20 கோடி டொலர் தந்தபோது, செய்திகளில் 'சுவாப்' என்ற ஆங்கிலச் சொல் அடிக்கடி அடிபட்டது. (அந்தத் தொகை 2023இல் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது.) ஒன்றைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்வது என்று பொருள். ஆனால், 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதற்கு 'அடித்தல்' என்றே பொருள் இருந்தது. பேரம் முடிந்ததும் இருவரும் கையில் கை அடித்துக்கொள்வார்கள். அந்த அடியே பின்னர் பண்டமாற்றுக்குப் பெயராயிற்று.

அரபியிலும் இதே கதைதான். வியாபார உடன்பாட்டை 'ஸஃப்கா' என்பார்கள். அதன் மூலமும் கைதட்டலே. ஜமாஅத் தொழுகையில் இமாம் தவறினால் வலது கையால் இடது புறங்கையில் தட்டுகிறீர்களே, அந்தத் 'தஸ்ஃபீக்' இதன் உடன்பிறப்பு.

நமது 'கைமாற்று' சற்று வேறு. பக்கத்து வீட்டில் ஒரு சுண்டு அரிசி வாங்கி, பிறகு ஒரு சுண்டு கொடுப்பது கடன், வியாபாரமல்ல. தவணை இருக்கலாம், கூட்டிக் கேட்கத்தான் கூடாது. மீனுக்கு நெல் மாற்றுவது வியாபாரம். அளவு கூடிக் குறையலாம். ஆனால் நமது ஷாஃபி மத்ஹபில், உணவுக்கு உணவு மாற்றினால் இரண்டும் அந்த இடத்திலேயே கைமாற வேண்டும். "மீனைத் தாருங்கள், நெல்லை அறுவடைக்குத் தருகிறேன்" என்பது கூடாது. கல்குடாப் பக்கத்தில் கடலும் வயலும் அருகருகே இருப்பதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் அதிகம் கவலைப்படுவது நகைக்கடையைப் பற்றித்தான். பழைய 3 பவுண் மாலையைக் கொடுத்து, புதிய 2½ பவுண் மாலையை மாற்றி வருகிறீர்கள். கைக்குக் கை மாறியது சரி, நிறை சமமில்லையே! தங்கத்துக்குத் தங்கம் மாற்றினால் நிறையும் சமமாக வேண்டும். பிலால் (ரழி) அவர்கள் 2 ஸாஃ மட்டமான ஈச்சம்பழத்தைக் கொடுத்து 1 ஸாஃ நல்ல பழம் கொண்டுவந்தபோது, அது வட்டியேதான் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இருப்பதை விற்று, அந்த விலைக்கு நல்லதை வாங்கும்படி வழியும் காட்டினார்கள்.

நகைக்கும் அதுவே வழி. முதலில் பழையதை விற்றுக் காசைக் கையில் வாங்குங்கள். அதன் பிறகு புதியதற்கு விலை பேசுங்கள். "இரண்டும் ஒன்றுதானே தங்கச்சி" என்பார் கடைக்காரர். காசை எண்ணிப் பாருங்கள்; பழைய மாலைக்கு எவ்வளவு கழித்தார், புதியதற்கு எவ்வளவு கூலி போட்டார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.