ஜோடியாக விற்பதை நிறுத்துங்கள்

செல்லப்பிராணிக் கடையில் ஹாம்ஸ்டர் கேட்டுப் பாருங்கள். "ஜோடியா எடுத்துக்குங்க சார், தனியா இருந்தா ஏங்கிப் போயிடும்" என்பார் கடைக்காரர். ஆணும் பெண்ணுமாக ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, ஒரு பொட்டலம் தீனியும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவார். வாங்கிப்போகும் வீட்டில் யாரும் கேட்காமலேயே இனப்பெருக்கம் தொடங்கிவிடுகிறது. இந்த ஜோடி வியாபாரத்தைத் தடை செய்ய வேண்டும்.

சிரிய ஹாம்ஸ்டரைப் பொறுத்தவரை அந்த ஏக்கக் கதை பச்சைப் பொய். வளர்ந்த சிரிய ஹாம்ஸ்டர் தனிக்கட்டை. கூட இன்னொன்றை விட்டால் கடித்துக் குதறும், சில சமயம் கொன்றும் போடும். பெண் நான்கு நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்தச் சில மணி நேரம் மட்டுமே ஆணைப் பக்கத்தில் விடும். சினைக்காலம் 16 நாள்தான். பிறந்த குட்டிகள் ஐந்தாறு வாரத்தில் தாமே குட்டி போடத் தயார். இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே, 1930-இல் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி அலெப்போ அருகே ஒரு வளையிலிருந்து தோண்டியெடுத்த தாயின் குட்டிகளில் பிழைத்த சிலவற்றின் வழிவந்தவை. ஒரே ஒரு ஈற்றுக்கு இவ்வளவு வேகம்!

"தாயே குட்டியைத் தின்னுடுச்சு" என்று பதறிப்போய்க் கேட்பவர்கள் உண்டு. குட்டி போட்ட முதல் சில நாட்களில் கூண்டைத் திறந்து கூட்டைக் கலைத்து, குட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது நடக்கத்தான் செய்யும். விற்றவர் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

கினிப்பன்றியின் கதை வேறு. அதற்குத் துணை வேண்டும். சுவிட்சர்லாந்தில் அதைத் தனியாக வளர்ப்பதே சட்டப்படி தவறு. ஆனால் துணை என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று யார் சொன்னது? இரண்டு பெண்கள் ஒரே கூண்டில் நிம்மதியாக இருக்கும். ஆணைச் சேர்த்து விட்டால்தான் வினை. ஏழெட்டு மாதம் வரை குட்டியே போடாத பெண்ணுக்கு இடுப்பின் முன்பக்க எலும்பு இணைப்பு இறுகிவிடும். அதற்குப் பிறகு முதன்முறை சினையானால் பிரசவத்தில் அது விரியாது. இரண்டு மாதத்துக்கு மேல் வயிற்றில் வளர்ந்து, மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும் பெரிய குட்டிகள் வெளியே வர வழியிருக்காது. அறுவைசிகிச்சை இல்லையென்றால் தாய் சாகும். நல்லபடியாக ஈன்றாலும் ஆண் கூடவே இருந்தால் சில மணி நேரத்திலேயே மறுபடி சினை. ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரிக்காவிட்டால் அவையே தாயோடு சேர்ந்துவிடும்.

நிறத்துக்காக இணை சேர்ப்பவர்கள் இன்னொரு பாவத்தையும் செய்கிறார்கள். வெள்ளை மயிர் விரவிய 'ரோன்' நிறக் கினிப்பன்றிகள் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி கண்ணும் பல்லும் சரியாக அமையாத வெள்ளைக் குட்டியாகப் பிறக்கும். பெற்றோர் யார், எந்த நிறம் என்று எழுதி வைக்காதவர் இணை சேர்க்கவே கூடாது.

விதி இல்லாமல் இல்லை. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் ஹாம்ஸ்டர், கினிப்பன்றி, எலி வகைகளையும் சேர்த்தே பேசுகின்றன. வாரச் சந்தையும் இணைய விற்பனையும் அவற்றுக்குள் வரும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதியாமல் விற்கக் கூடாது. ஆனால் இனப்பெருக்கம் செய்பவர்களுக்கென்று 2017-இல் வந்த விதிகள் நாய்களோடு நின்றுவிட்டன. எலி வளர்த்து மொத்தமாகக் கடைக்குக் கொடுப்பவரை எந்தப் பதிவேடும் அறியாது. அப்படியே பிடிபட்டாலும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். 2022-இல் மத்திய அரசு திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டதோடு சரி.

இதனால் கடைக்காரர்களின் பிழைப்பு கெடும் என்பார்கள். எப்படிக் கெடும்? ஜோடிக்குப் பதில் இரண்டு பெண் கினிப்பன்றிகளை விற்றாலும் காசு அதேதான். உண்மையான சிக்கல், பல கடைகளில் ஆண் எது பெண் எது என்று பார்க்கவே தெரியாததுதான். ஹாம்ஸ்டரில், வாலடியில் இரண்டு துவாரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்; ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒருநாள் பயிற்சி வைத்தால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

மத்திய திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு கடையிடமும் மாநில வாரியம் மூன்றைக் கேட்கட்டும்: ஆண், பெண் தனித்தனிக் கூண்டு, ஒவ்வொரு ஈற்றின் பிறந்த தேதியும் தாய் தந்தை விவரமும் கொண்ட பதிவேடு, குட்டிகளை அனுப்பியவரின் பெயரும் முகவரியும். இந்த மூன்றாவது கையில் இருந்தால், இன்று எந்தக் கணக்கிலும் இல்லாத வளர்ப்பாளர்களின் பட்டியல் வாரியத்துக்குத் தானாகவே கிடைத்துவிடும்.