மொய் நோட்டை எடுங்கள், தோழர்களே!

நான்குவழிச் சாலையில் நின்று பார்த்தால் கொட்டாம்பட்டிக்கு என்ன குறைச்சல் என்றுதான் தோன்றும். மதுரைக்கும் திருச்சிக்கும் வண்டிகள் ஓய்வதே இல்லை. அந்தச் சாலையை விட்டு இறங்கி, கண்மாய்க் கரை தாண்டி, கடைசி பஸ் திரும்பிப் போன பிறகு ஓர் ஊருக்குள் வந்து பாருங்கள். பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கும். நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, விடியட்டும் என்று தாய் உட்கார்ந்திருப்பாள். மேலூருக்கு ஆட்டோ பிடித்தால் நாளைய கூலி போச்சு. மதுரைப் பெரியாஸ்பத்திரி என்றால் அந்த வாரமே போச்சு.

இந்த ஊர்களுக்கு நடுவே நம் கையால் ஒரு சிறு மருத்துவமனை கட்டுவோம்.

"சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கே, நமக்கெதுக்கு இந்த வேலை?" நியாயமான கேள்விதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டரும் மருந்தும் கேட்டு மனுக் கொடுப்பதை ஒருநாளும் விடப்போவதில்லை. ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் காத்திருக்குமா?

காத்திருக்காமல் கட்டியவர்கள் உண்டு. சத்தீஸ்கரில் தல்லி ராஜ்ஹரா என்று ஓர் இரும்புச் சுரங்க ஊர். சங்கர் குஹா நியோகி தலைமையில் அங்கே ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கம் கட்டினார்கள். சங்கத்தின் துணைத்தலைவர் குசும்பாய் பிரசவத்தில் உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். அழுததோடு அவர்கள் நிற்கவில்லை. கூலியிலிருந்து காசு போட்டார்கள். கல்லும் மண்ணும் தாங்களே சுமந்தார்கள். 1977 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த தோழர்களின் நினைவாக 'ஷஹீத்', அதாவது தியாகி, என்று பேர் வைத்து, 1983 ஜூன் 3-ல் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். நாடா வெட்ட மந்திரியைத் தேடவில்லை. வயதான சுரங்கத் தொழிலாளி ஒருவரும் விவசாயி ஒருவரும் திறந்துவைத்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்துக் காந்திகிராமத்தில் வேலை பார்த்த டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிக்குப் போய், ஊர்க்காரர்கள் போட்டுக்கொடுத்த குடிசையில்தான் வைத்தியம் தொடங்கினார்கள். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-ல் தொடங்கியபோது 11 படுக்கைதான்.

நம் திட்டமும் சிறிதுதான்: இரண்டு அறை, ஒரு திண்ணை, ராத்திரி தங்கும் ஒரு நர்ஸ், முறைவைத்து வரும் டாக்டர். பாம்புக்கடிக்கும் சிக்கலான பிரசவத்துக்கும் மேலூர்தான். இங்கேயே எல்லாம் பார்த்துவிடுவோம் என்று யாரும் வாய்விட்டுவிடாதீர்கள்.

பணத்துக்கு முதலில் கம்பெனிக்காரர் வாசலுக்கு ஓடாதீர்கள். அவர் கொடுத்தால் போர்டில் அவர் பேர் ஏறும், ஊருக்கு அது அந்நியமாகிவிடும். டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை திரண்டுபோன சனம் நாம். அந்த மாதமே சுரங்க ஏலம் ரத்தானது. அந்தச் சனத்துக்கு உண்டியல் குலுக்கத் தெரியாதா?

மொய் எழுதுகிற கைதானே நமக்கு? அதே நோட்டைப் போடுவோம். நூறு ரூபாயோ, ஒரு மூட்டை சிமெண்டோ, ரெண்டு நாள் சித்தாள் வேலையோ, எதுவானாலும் பேர் போட்டு எழுதுவோம். மாதாமாதம் வரவு செலவைச் சாவடியில் வாசிப்போம். ஒரு ரூபாய் கணக்கு இடித்தாலும் எழுந்து கேளுங்கள்.

ஞாயிறு காலை கிளைக்கு இருவர் வீதம் வந்துவிடுங்கள். நோட்டில் முதல் பேர் என்னுடையது, ஒரு மாதச் சம்பளம். இரண்டாம் வரி காலியாகக் கிடக்கிறது.