பல் மாறினால் பம்ப்செட் படுத்துவிடும்!

கேள்வி: ‘‘எங்கள் 8 ஹெச்.பி டீசல் பம்ப்செட்டுக்குப் புது லைனர், பிஸ்டன், கேம் ஷாஃப்ட் போட்டு மகனே இன்ஜின் கட்டுகிறான். போன முறை பட்டறையில் கட்டியபோது டைமிங் ஒரு பல் தள்ளிப்போய், புஷ் ராடு வளைந்து, நாற்றங்கால் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது. கியரில் இருக்கும் மார்க்கும் தேய்ந்துவிட்டது. கேம் டைமிங் பார்க்க என்ன கருவி வாங்கலாம்? செலவு கட்டுப்படியாகுமா?’’

- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

பதில்: பெரிய செலவு தேவையில்லை. பம்ப்செட்டில் இருக்கும் ஃப்ளைவீலே பாதிக் கருவி.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அதனால் கேம் கியரில் இருக்கும் பற்களில் பாதிதான் கிராங்க் கியரில் இருக்கும். கிராங்க் கியருக்கு 30 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் மாறினால் கிராங்க் கணக்கில் 12 டிகிரி பிழை. கறுப்புப் புகை, இழுவைக் குறைவு, ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது எல்லாம் இதனால் வரும். டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், வால்வு பிஸ்டனில் இடித்துப் புஷ் ராடும் வளையும்.

ஃப்ளைவீலின் சுற்றளவை டேப்பால் அளக்க வேண்டும். 180 செ.மீ இருந்தால், 5 மி.மீ என்பது ஒரு டிகிரி. 12 டிகிரி பிழை 60 மி.மீ தள்ளித் தெரியும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதற்கு? சிறிய ஃப்ளைவீல் என்றால், டிகிரி குறித்த வட்டத்தை அட்டையில் ஒட்டிக் கிராங்க் முனையில் மாட்டலாம். அசையாத இடத்தில் கம்பி ஒன்றை முள்ளாகக் கட்டிவிட வேண்டும்.

அடுத்து, பிஸ்டனின் மேல்முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். மேல்முனையை ஒட்டிச் சில டிகிரிக்குப் பிஸ்டன் நகர்வதே தெரியாது. கம்பி விட்டுப் பார்ப்பது ஏமாற்றும். இதற்குப் ‘பிஸ்டன் ஸ்டாப்’ வேண்டும். ஹெட் மாட்டாத நிலையில், கனமான பட்டைத் தகட்டின் நடுவே ஒரு போல்ட்டைப் போட்டு, ஹெட் ஸ்டட்களில் இறுக்கினால் போதும். லேத் பட்டறையில் செய்து தருவார்கள். பிஸ்டன் போல்ட்டில் முட்டும்வரை கையால் மெதுவாகச் சுற்றி, முள்ளுக்கு நேராக ஃப்ளைவீலில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றி, முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய இடைவெளியின் நடுப்புள்ளிதான் மேல்முனை. கடப்பாரை போட்டுச் சுற்றக் கூடாது, பிஸ்டன் உடையும்.

இனி ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, ஹெட்டை மாட்டி, ஃபில்லர் கேஜ் வைத்து மேனுவல் சொல்லும் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். இன்ஜின் ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். தாண்டிவிட்டால், கால் சுற்று பின்னால் போய்த் திரும்ப வர வேண்டும். இல்லாவிட்டால் கியர் பல்லின் ஆட்டம் கணக்கைக் கெடுக்கும். டிகம்ப்ரஷன் லீவர் இருந்தால், அது வால்வைத் தூக்கிப் பிடிக்காத நிலையில் இருக்கட்டும். எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதும் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்குவதும் மேல்முனையை ஒட்டி நடக்கும். இன்லெட் 5 டிகிரி முன்பு திறக்க வேண்டும் என்று மேனுவல் சொன்னால், மேல்முனைக் கோட்டுக்கு 25 மி.மீ முன்பு ராக்கர் வால்வை அழுத்தத் தொடங்க வேண்டும். சில மி.மீ வித்தியாசம் பரவாயில்லை. 60 மி.மீ பக்கம் என்றால் பல் மாறியிருக்கிறது.

டயல் கேஜ்? ஒரே ஒரு இன்ஜினுக்காக வாங்க வேண்டாம், இரவல் போதும். கியர் சாவியில் உட்காரும் இன்ஜினில் ஒரு பல்லுக்குக் குறைவாக நகர்த்தவும் முடியாது. ஆனால், புது கேம் தவறான சரக்கா என்பதை டயல் கேஜ் காட்டிக்கொடுக்கும். பல்லும் சரி, வித்தியாசமும் போகவில்லை என்றால் கேமைக் கடையில் திருப்பிக் கொடுப்பதே வழி. மகன் ஊரில் நாலு இன்ஜின் கட்டும் எண்ணத்தில் இருந்தால், 0.01 மி.மீ காட்டும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் நல்ல முதலீடு. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. இரும்புத் தகடு ஒன்றை போல்ட் போட்டுக்கொள்ள வேண்டும். கடைக்காரர் ஸ்ட்ரோப் லைட்டைக் காட்டினால் வேண்டாம் என்றுவிடலாம். அது ஸ்பார்க் பிளக் உள்ள பெட்ரோல் இன்ஜினுக்கானது.

டைமிங் சரியான பிறகு, இரண்டு கியர்களிலும் அழியாத மாதிரி புது மார்க் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பின்பே கியர் கவரை மூட வேண்டும். டீசல் பம்ப்பையும் அதே கேம்தான் இயக்குகிறது என்றால், டீசல் பாயும் நேரத்தையும் அதே ஃப்ளைவீல் கோட்டை வைத்துச் சரிபார்க்கலாம்.