அளவறிந்து நிற்கும் கரி

விலை மிக்க பொருளே திறன் மிக்கது என்று எண்ணுதல் உலகோர் இயல்பு. ஆயின், செயலுக்கு ஏற்ற பொருளே சிறந்தது என்பதற்கு ஹைடிரஜன் பெராக்சைடு ஆக்கப்படும் முறைகள் நல்ல சான்றாகும்.

1818ஆம் ஆண்டில் தெனார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்நீர்மத்தைக் கண்டறிந்தார். தாளையும் துணியையும் வெளுப்பதற்கும் கிருமிகளை அழிப்பதற்கும் இது பயன்படுகின்றது. தன் தொழில் முடிந்தபின் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுதலால், இது நச்சு எச்சம் எதனையும் விட்டுச் செல்வதில்லை.

இத்துணை நலம் வாய்ந்த பொருளை ஆக்குவதோ எளிதன்று. இன்று இதன் பெரும்பகுதி ஆந்த்ராகுவினோன் முறையால் ஆக்கப்படுகின்றது. அதற்குப் பெரிய தொழிற்சாலையும், ஹைடிரஜன் வாயுவும், பெரும்பாலும் பல்லேடியம் என்னும் அருவிலை உலோகமும் வேண்டும். ஆங்கு ஆக்கிச் செறிவு மிகுத்த நீர்மம் நெடுந்தொலைவு கொண்டு செல்லப்படுகின்றது. செறிவு மிக்க பெராக்சைடு தீயையும் வெடிப்பையும் விளைக்க வல்லது. கிருமி நீக்கத்திற்கு வீடுகளில் பயன்படுவதோ 100க்கு 3 பங்கே செறிவுள்ள கரைசல்!

காற்று, நீர், மின்சாரம் ஆகிய மூன்றைக் கொண்டே இதனை ஆக்கும் வழியும் உண்டு. மின்வாயின்மேல் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று இரண்டு எலெக்ட்ரான்களை ஏற்பின் பெராக்சைடு உண்டாகும். நான்கினை ஏற்பின் வெறும் நீரே உண்டாகும். தான் மாறாது வினையை விரைவுபடுத்தும் பொருளை வினையூக்கி என்பர். பிளாட்டினம் என்னும் வினையூக்கி பெரும்பாலும் நான்கினையும் கொடுத்துவிடுகின்றது. மிகுதியாகக் கொடுத்தலே ஈண்டுக் குறையாயிற்று. பாதரசம் கலந்தால் அஃது இரண்டளவில் நிற்கும். ஆயின் பாதரசம் நஞ்சன்றோ?

2018ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழக அறிஞர்கள், கரியின் நுண்குழாய்களை நைட்ரிக் அமிலத்தில் இட்டுப் பக்குவப்படுத்தி, அவற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறச் செய்தனர். அக்கரியின் வினையில் ஏறத்தாழ 90 விழுக்காடு பெராக்சைடாகவே விளைந்தது.

பழைய முறை தேர்ந்தது, மலிவானது. அதனை விடுதல் வேண்டா என்பார் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. கரியால் விளையும் கரைசல் செறிவு குறைந்தது. பெரும்பாலும் காரமோ உப்போ கலந்தது. அக்கரி நெடுங்காலம் தளராது உழைத்தலும் வேண்டும். எனினும், செறிவு மிகுத்து, இடரோடு சுமந்து சென்று, மீண்டும் நீர் கலத்தல் வீண் உழைப்பேயாகும். நீர்த்த கரைசலே போதும் இடத்தில், வேண்டும் அளவை வேண்டும்போது அங்கேயே ஆக்கிக்கொள்ளுதல் அறிவுடைமை. ஆதலின், இவ்வாராய்ச்சியை ஊக்குவித்தல் அரசுக்கும் தொழில் வல்லார்க்கும் கடமையாகும்.

கொடுக்க வேண்டிய அளவே கொடுத்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே கரியின் சிறப்பு. பொருளுக்கு மட்டுமன்றி மாந்தர்க்கும் அதுவே பெருமை தருவதாகும்.