இரண்டாவது கோடு எங்கே போனது?

பாட்டு கற்றுக்கொண்டவர்கள் வீட்டில் ஒரு சங்கீத நோட்டு கண்டிப்பாக இருக்கும். திறந்து பாருங்கள். ஸ ரி க ம என்று எழுதி, அங்கங்கே எழுத்துகளுக்கு மேலே கோடு இழுத்திருப்பார்கள். சில இடங்களில் ஒரு கோடு, சில இடங்களில் இரண்டு. அழகுக்கு இழுத்த கோடுகள் இல்லை அவை. காலக்கணக்கே அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

கணக்கு ரொம்ப எளிது. கோடு இல்லாத குறில் ஸ்வரம் ஒரு அட்சரம். மேலே ஒரு கோடு வந்தால் அரை. இரண்டு கோடு வந்தால் கால். இப்போது 'ஸ ரி க' என்ற மூன்று ஸ்வரங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நீளக் கோடு, 'ரி க' இரண்டுக்கு மட்டும் இன்னொரு குட்டிக் கோடு. அரை + கால் + கால், மொத்தம் ஒரு அட்சரம். கோட்டுக்குள் கோடு, அவ்வளவுதான்.

இதைக் கையால் எழுத அரை நிமிடம் போதும். கணினியில் அச்சுக்குக் கோர்க்கும்போதுதான் வேடிக்கை ஆரம்பிக்கிறது.

லில்லிபாண்ட் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. 1996-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த இருவர் ஆரம்பித்தது. இசைக் குறிப்பை நிரல் மாதிரி எழுதிக் கொடுத்தால் அச்சுத் தரத்தில் பக்கம் வந்துவிடும். பிடிக்காததை ஸ்கீம் மொழியில் நாமே மாற்றி எழுதலாம். அதில் எழுத்துக்கு அடிக்கோடு போட ஒரு கட்டளை இருக்கிறது. (நம் நோட்டில் கோடு மேலே வரும், இதில் கீழே வரும். கூட்டலைக் கழித்தலாக்கும் வேலைதான் அது, விடுங்கள்.) பழைய பதிப்புகளில் அந்தக் கட்டளை, எழுத்தின் அடித்தளத்திலிருந்து இவ்வளவு தூரம் என்று ஒரே இடத்தில்தான் கோடு போடும். உள்ளே ஏற்கனவே ஒரு கோடு இருக்கிறதா என்று பார்க்காது. விளைவு? கோட்டுக்குள் கோடு கேட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது. பார்க்கப் பக்கம் சுத்தமாக இருக்கும்!

என்னைக் கேட்டால், இதைவிட மோசமான பிழை கிடையாது. நம்முடைய 'ஸ ரி க' இப்போது அரை + அரை + அரை, ஒன்றரை அட்சரம். ஆதி தாளத்தில் எட்டு அட்சரமும் இப்படியே போனால் ஆவர்த்தனம் பன்னிரண்டு அட்சரமாக நீண்டுவிடும். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, தாளம் மட்டும் போய்விட்டது.

எங்கள் போடி பக்கத்தில் ஏலக்காயை 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று சலித்துத் தரம் பிரிப்பார்கள். இரண்டு தரத்தையும் ஒரே சாக்கில் கொட்டிவிட்டால் காய் ஒன்றுகூடக் குறையாது, ஆனால் பிரித்த பலன் போய்விடும். அதே கதைதான் இது.

இப்போதைய பதிப்புகளில் அடிக்கோட்டை அடுக்கிப் போடலாம். ஒவ்வொரு கோடும் தன் உள்ளே வரும் கோட்டுக்கு 'நான் இந்த இடத்தை எடுத்துக்கொண்டேன், நீ இவ்வளவு தள்ளிப் போ' என்று ஒரு நகர்வு அளவைச் சொல்லி அனுப்புகிறது. அதனால் வெளிக்கோடு எழுத்துக்குப் பக்கத்திலும் உள்கோடு தள்ளியும் விழும்.

தலைகீழாக அல்லவா இருக்கிறது என்று தோன்றும். உள்ளே இருப்பதுதானே எழுத்தை ஒட்டி வர வேண்டும்? சாதாரண உரைக்கு அது சரியாக இருக்கலாம், இசைக்குச் சரிவராது. உள்கோடு ஒட்டி வந்தால், 'ரி க' இருக்கும் இடத்தில் நீளக்கோடு இரண்டாம் மட்டத்துக்குத் தள்ளப்படும். பக்கத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் உள்ள ஸ்வரங்களுக்கு அதே அரைக்கோடு முதல் மட்டத்தில் நிற்கும். ஒரே வரியில் அரை அட்சரத்துக்கு இரண்டு உயரம்! பாடுகிறவர் கண் தடுமாறத்தான் செய்யும். முதல் மட்டம் எப்போதும் அரை, இரண்டாம் மட்டம் எப்போதும் கால் என்று நிலையாக இருந்தால் எண்ணாமலே படிக்கலாம். சீனர்களின் ஜியான்பூ எண் குறியீட்டிலும் இதே மாதிரி அடிக்கோடுதான். நீளக்கோடு எண்ணை ஒட்டி, குட்டிக்கோடு அதற்குக் கீழே.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தக் கோட்டை அலங்காரமாக நினைத்து நிரல் எழுதாதீர்கள். அது ஒரு எண். இன்னும் ஒரு படி மேலே போய், கோட்டையே நாம் போடக் கூடாது என்பேன். ஸ்வரத்தின் அளவை மட்டும் கொடுப்போம், கோட்டை மென்பொருள் போடட்டும். அப்போது ஆவர்த்தனம் எட்டுக்குச் சரியாக வருகிறதா என்று அதுவே கூட்டிப் பார்த்து, இடித்தால் கத்தும்.

"நோட்டு வெறும் ஞாபகத்துக்குத்தான், பாடம் குரு வாயிலிருந்துதான் வரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் 1904-ல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சிட்டபோது கமகங்களுக்குக்கூடத் தனித்தனிக் குறிகள் வைத்தார். அதற்கு முன்பே, 1893-ல், சின்னசாமி முதலியார் நம் பாட்டுகளை மேல்நாட்டுக் குறியீட்டில் அச்சிட்டுப் பார்த்தார். குரு பக்கத்தில் இல்லாதவனுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்றால் தாளில் இருப்பது சரியாக இருக்க வேண்டும் அல்லவா?

இன்று மலையடிவாரத்தில் ஒரு பையன் கைபேசியில் பிடிஎஃப் இறக்கிப் பாடிப் பார்க்கிறான். இரண்டாவது கோடு காணாமல் போனது அவனுக்குத் தெரியாது. தாளம் இடிக்கும்போது கையைத்தான் சந்தேகப்படுவான், தாளை அல்ல. தனக்கு லயஞானம் இல்லை என்று நினைத்து விட்டுவிடவும் கூடும். ஒரு குட்டிக் கோட்டுக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது அதனால்தான் :-)