நோயாளியின் சம்மதம்

ஆஸ்பத்திரிகளில் சிகிச்சையின் தரத்தை ஆராய்வதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. 1956-ம் வருஷம் தொடங்கிச் சென்னை சேத்துப்பட்டில் நடந்த க்ஷயரோக ஆராய்ச்சியை நண்பர்கள் அறிவர். ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை வீட்டிலுமாக வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். நெருக்கமான வீடுகளில் குறைந்த ஆகாரத்துடன் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். 1959-ல் வெளியான அம்முடிவு உலகத்தார் வைத்திய முறையையே மாற்றிற்று. வீட்டிலிருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றுகிறதா என்றும் விடாது கவனித்து வந்தார்களே, அதுவன்றோ தர்மம்!

நிற்க. ஊசி போடும் நர்ஸே காகிதத்தை நீட்டி, "கவனிப்பு திருப்திதானே?" என்றால் படுக்கையில் கிடப்பவன் என்ன சொல்வான்? தியாகராய நகரில் பெரிய பீஸ் கட்டிப் படுத்திருக்கும் கனவானே தயங்குவார். தர்மாஸ்பத்திரி ஏழையைப் பற்றிக் கேட்பானேன்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட விதிகள், சம்மதம் மனமுவந்து அளிக்கப்பட வேண்டுமென்கின்றன. பயத்தில் பிறந்த சம்மதம் சம்மதமாகுமா?

அவ்விதிகளையே கேடயமாக்கி ஆராய்ச்சியாளரை வாயிலில் நிறுத்த எண்ணும் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை: விதிகள் காப்பது நோயாளியை, உங்கள் நற்பெயரையன்று. கேட்பவர் வெளியாளாக இருக்கட்டும். பெயர் குறிக்க வேண்டாம். கண்ட முடிவை அந்த வார்டுச் சுவரிலேயே தமிழில் ஒட்டும்படி சர்க்கார் உத்தரவிட என்ன தடை?