கடலறியாக் கரையோரப் பிள்ளைகள்

பாலர் கல்விக்கூடத்துக்குப் புரோபெல் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1840ஆம் ஆண்டிற் சூட்டிய பெயரின் பொருள் ‘சிறார் தோட்டம்’ என்பதாகும். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் இதனைப் படித்திருப்பர். பரீட்சைத் தாளிலும் எழுதியிருப்பர். எழுதிச் சித்தியெய்திய பின்னர் அத்தோட்டத்தை நினைப்பார் அரியர்.

கல்முனைப் பெருந்தெருவில் நின்று கிழக்கு நோக்கி நடப்பின் சிறிது போழ்திற் கடலைக் காணலாம். மேற்கு நோக்கி நடப்பின் கரைவாகு வயல்வெளி விரிந்து கிடக்கும். நெய்தலும் மருதமும் ஒரு தெருவின் இருமருங்கும் அமைந்த ஊர்கள் நம்முடையவை. இவ்வூர்ப் பிள்ளைகள் நெய்தலின் கருப்பொருளை வகுப்பறையிலிருந்து மனனஞ் செய்கின்றனர். புன்னை, தாழை, அடம்பு என்று பிழையின்றி ஒப்புவிப்பர். மணலிலே ஊதாப் பூவொடு படர்ந்து கிடக்கும் கொடியைக் காட்டி இஃது யாதென வினவின் விழிப்பர். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று கட்டுரை எழுதும் பிள்ளை அக்கொடியை ஒருகால் இழுத்துப் பார்த்ததில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, ஆலையடிவேம்பு என மரமுஞ் செடியும் நம் ஊர்ப்பெயர்களிலே ஒலிக்கின்றன. மருது எது, காரை எது என அறிந்த பிள்ளைகள் எத்துணைப் பேர்?

காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளாரை விழாதோறும் போற்றுகின்றோம். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூலில் மட்டக்களப்பு வாவியின் நீரரமகளிர் இசை இடம்பெற்றமை யாவரும் அறிந்ததே. ஏட்டோடு வாவியையும் செவிமடுத்தவர் இயற்றிய நூல் அது.

பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லாமைக்குப் பெற்றோர் கூறுங் காரணங்கள் இரண்டு. முதலாவது நேரமின்மை. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பொருட்டுச் சனியும் ஞாயிறும் தனியார் வகுப்புகளிற் கழிகின்றன. இதுபற்றிப் பேசிப் பயனில்லை. பேசாதார் இல்லை, விட்டாரும் இல்லை.

மற்றது கடலச்சம். இஃது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, பூரணை நாளாகிய ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குட் புகுந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்ச்சேதம் நம் அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. மாண்டவர் 10,000க்கும் மேற்பட்டோர். தமிழரூர், முஸ்லிம் ஊர் என்னும் வேறுபாடின்றிக் கரை முழுவதும் அழுதது. அன்று பிள்ளையைப் பறிகொடுத்த தாய், இன்று பேரனின் கையைப் பிடித்து, “கடற்பக்கம் போகாதே, மகனே” என்பாளாயின் அவளோடு வாதிட யாருக்கு மனம் வரும்?

ஆயினும் அவளுக்கும் சொல்லவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவிலே, தில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல்நீர் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் கேட்ட பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் எச்சரித்தமையால் அக்கரையில் நின்ற ஏறக்குறைய நூறு பேர் பிழைத்தனர். சுமாத்திராவை அடுத்த சிமலூ தீவினர் 1907ஆம் ஆண்டுப் பேரலையைச் ‘சுமோங்’ என்று பெயரிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லி வந்தனர். நிலம் அதிர்ந்ததும் மேடு நோக்கி ஓடினர். அத்தீவில் வாழ்ந்த 78,000 பேரளவினருள் அன்று இறந்தோர் எழுவரே.

நம் கரைக்குரிய பாடம் சிறிது வேறானது. நிலநடுக்கம் நிகழ்ந்த இடம் 1,500 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. நம்மை எச்சரிக்கத்தக்க அதிர்வு இங்கு இருக்கவில்லை. கடல் முதலில் வற்றும் என்று காத்திருத்தலும் ஆகாது. கிழக்குக் கரையில் நீர் முதலில் உயர்ந்தே வந்தது. ஆனால் அது வந்து சேர இரண்டு மணி நேரமளவு சென்றது. அந்நேரத்துள் எத்தெருவால் மேற்கே ஓடுவது, எந்த மாடியில் ஏறுவது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதுமா? கரையில் நின்று, பிள்ளையின் கையைப் பற்றி நடந்து காட்டவேண்டாமா?

கரை கற்பிக்கும் பாடம் இஃதொன்றேயன்று. சோழகம் வீசும் மாதங்களில் நம் கடல் அமைதியாயிருக்கும். கரைவலை இழுக்குங் காலம் அது. வலையின் இரு தலைப்பும் ஒருங்கு சேரும்வரை பார்த்திருந்த பிள்ளைக்குக் கூட்டுழைப்பைப் பற்றித் தனிப்பாடம் வேண்டியதில்லை. ஒலுவிலுக்குச் சென்றால், 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் கற்சுவரின் தென்பால் மணல் திரண்டிருப்பதையும், வடபாற் கரை அரிப்புண்டு நிற்பதையும் காணலாம். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தால் விளைவது யாதென அறிய இதனிலுஞ் சிறந்த படம் எந்தப் புத்தகத்தில் உண்டு? கல்விச் சுற்றுலா என்று பேருந்தில் ஒலிபெருக்கி கட்டி நுவரெலியாவுக்குப் போய், பாதி வழி உறங்கி, மீதி வழி வாந்தியெடுத்துத் திரும்பும் பிள்ளைகளை நினைக்குங்கால் இரக்கமே மிகுகின்றது.

பூங்கா இல்லையே எனக் குறைகூறுவாருளர். பூங்கா என்றதும் நம்மவர் நினைப்பது வர்ணம் பூசிய இரும்பு ஊஞ்சலும் சறுக்குமரமுமே. கச்சான் காற்று வீசும் நண்பகலில் அவ்விரும்பைத் தொட்டுப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்! பிள்ளைக்கு வேண்டியது நிழல். புன்னை, பூவரசு, வேம்பு நட்ட மணற்றிடல் நகரசபை கட்டிக்கொடுக்கும் எந்தப் பூங்காவுக்கும் தாழ்ந்ததன்று. அதற்கு மதிலும் வேண்டாம். நம் ஊர்களில் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் படிக்கின்றனர். ஒருவர் பெயரை ஒருவர் அறியாது வளர்கின்றனர். கடற்கரையில் உருண்டு போன பந்தை எடுத்துக் கொடுக்கும் கைக்கு எவரும் ஊர் கேட்பதில்லை.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். யூபிலி நினைவாக வளைவு கட்ட எண்ணியிருப்பின் அப்பணத்திற் பாதியை மரத்துக்கு ஒதுக்குங்கள். மாதத்தின் முதற் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு நடத்திச் செல்ல ஆசிரியர் இருவர் முன்வந்தாற் போதும். பெற்றோரும் உடன் வரட்டும், பாட்டிமாரும் வரட்டும். கன்று நடுவதற்கு மாரி தொடங்கும் ஐப்பசியே ஏற்றது. ஆடு கடியாமல் அடைப்பதற்குக் கம்பு தரக்கூடியோர் இப்பொழுதே சொல்லிவைத்தால் நலம்.